பிலோமினம்மாளுக்கு நேர்ந்துவிட்ட பெண்

1

இந்தக் கதை புளியில்லாத ஒரு குழம்பிலிருந்து கிடைத்தது.

1976, ஒரு வெள்ளிக்கிழமை. போர்ட் பிளேர், ஷாதிபூர். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த திருநாவுக்கரசு என்னைச் சாப்பிட அழைத்திருந்தார். அவர் மனைவி மங்கையர்க்கரசி பரிமாறினார். குழம்பு என்று அவர் ஊற்றியதில் பருப்பும் பூசணிக்காயும் இருந்தன. ரசம் இல்லை. மோர் இல்லை. ஊறுகாய் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். திருநாவுக்கரசு கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் புளிப்பு கிடையாது. சில மாதங்களுக்கு முன் கப்பலில் ஒரு இந்திப் படம் வந்திருந்தது. படத்தில் ஒரு அம்மன். அதற்கு முன் அந்தத் தெருத் தமிழர்களில் ஒருவரும் அவளைக் கேள்விப்பட்டதில்லை. படம் ஓடி முடிவதற்குள் தெருவில் பாதி வீடுகளில் அவள் படம் மாட்டியாயிற்று. வெல்லமும் கொண்டைக்கடலையும் படைத்து வெள்ளிக்கிழமை விரதம். வங்காளி, தெலுங்கர், தஞ்சாவூர்க்காரர் என்ற பேதமில்லை. விரத நாளில் வீட்டுக்குள் யாரும் புளிப்பைத் தொடக்கூடாது. விருந்தாளிக்கும் அதுதான்.

"டிக்கெட் எடுத்துப் போய் ஒரு சாமியக் கூட்டிட்டு வந்தேன். அதுக்கே நீங்க சிரிக்கிறீங்க," என்றார் மங்கையர்க்கரசி. "பக்கத்து வீட்டு அமுதம் அக்காவுக்கு நடந்தது தெரியுமா? அவங்க சாமிய மேலேர்ந்து லெட்டர் போட்டு எடுத்துட்டாங்க."

பிறகு அவர் சொன்னதுதான் கதை. அவர் கண்ணால் பார்த்தது பாதி. சுவர் வழியாகக் கேட்டது கொஞ்சம். மிச்சம் என்னுடையது. எது யாருடையது என்று இப்போது எனக்கே பிரிக்க வரவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

'1951 ஜனவரி. வங்கக் கடல் கொந்தளித்தது. கருமேகங்களைக் கிழித்துக்கொண்டு ஒரு மின்னல்—'

(இல்லை. ஜனவரியில் அந்தக் கடல் பெரும்பாலும் சும்மா இருக்கும். அன்று கொந்தளித்தது ஒரு குழந்தையின் வயிறு மட்டும்.)

இரண்டாவது:

'உரோமாபுரியில், நிலத்தடிக் கல்லறை ஒன்றில், 1802ஆம் ஆண்டு மே மாதம்—'

(இங்கேயே வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

மூன்றாவது:

'அமுதத்துக்கு ஒரே மகள். அந்த மகளை அவளுக்கு ஒரு வயதாகும்போதே அமுதம் கொடுத்துவிட்டாள்.'

இது நிற்கட்டும்.

3

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மிக்கேல் படகுத் தச்சர். போர்ட் பிளேரில் படகுப் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவி அமுதத்தையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மதராசில் கப்பலேறினார். நான்கு நாள் பயணம். இரண்டாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் கண் செருகியது.

கப்பலில் சாவு விழுந்தால் கடலில்தான் இறக்குவார்கள் என்று பக்கத்தில் படுத்திருந்த யாரோ யாரிடமோ சொன்னது அமுதத்தின் காதில் விழுந்தது. அவள் கடலோரத்தில் பிறந்தவள். கடலுக்கு ஆண்களைக் கொடுத்த வீடுகள் அவள் தெருவில் உண்டு. ஆனால் பால் குடிக்கிற பிள்ளையைக் கடலில் இறக்குவதை அவளால் நினைக்க முடியவில்லை. பிள்ளைக்கு மண் வேண்டும். மண்ணின்மேல் ஒரு குருசு வேண்டும்.

செபப் புத்தகத்துக்குள் ஒரு சின்னப் படம் இருந்தது. பிலோமினம்மாள். கையில் குருத்தோலை, காலடியில் நங்கூரம். புனிதர்கள் எத்தனையோ பேர் உண்டு. கப்பலில் போகிறவளுக்கு நங்கூரம் வைத்திருந்தவள் போதும்.

"எம்மா, இவள எனக்கு உசிரோட தா. இருபது வயசுல கன்னியர் மடத்துல விட்டு, உனக்கே தந்துருதேன்."

அன்று மாலை கப்பல் டாக்டர் ஓர் ஊசி போட்டார். மறுநாள் விடிந்ததும் குழந்தை பாலுக்கு அழுதது.

கப்பலேறும்போது அவள் பெயர் ஜெசிந்தா. இறங்கும்போது பிலோமினா.

* ஊசி முதலிலா, நேர்ச்சை முதலிலா என்று மங்கையர்க்கரசியிடம் கேட்டேன். மிக்கேல் ஊசி முதலில் என்பாராம். அமுதம் நேர்ச்சை முதலில் என்பாளாம். நான் அமுதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆகவே அவள் சொன்ன வரிசை.

4

இப்போது உரோமாபுரி. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

1802இல் ஒரு பழைய நிலத்தடிக் கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். கல்லறையின் வாயை மூடியிருந்தவை மூன்று ஓடுகள். அவற்றில் எழுத்தும், நங்கூரம், அம்பு போன்ற படங்களும் இருந்தன. இருந்த வரிசையில் வாசித்தால் எழுத்துக்குப் பொருள் வரவில்லை. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்து வாசித்தார்கள். 'உனக்குச் சமாதானம், பிலோமினா' என்று வந்தது. பெயர் கிடைத்துவிட்டது.

முப்பது ஆண்டு கழித்து நேப்பிள்ஸ் நகரத்துக் கன்னியாஸ்திரி ஒருவர், செபத்தில் இருந்தபோது அந்தப் பெண்ணின் வரலாறு தமக்குச் சொல்லப்பட்டதாகச் சொன்னார். அவள் கிரேக்க இளவரசி. பேரரசன் மணக்கக் கேட்டான். மறுத்தாள். கழுத்தில் நங்கூரம் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். தேவதூதர்கள் கயிற்றை அறுத்தார்கள். அம்பெய்தார்கள், சாகவில்லை. கடைசியில் தலையை வெட்டினார்கள். இந்த வரலாறு கப்பலேறி ஊர் ஊராகப் போயிற்று. தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் வீட்டுக்கொரு பிலோமினா பிறந்தாள்.

பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் வேறு சொன்னார்கள். ஓடுகள் வரிசை கலைந்திருந்ததற்குக் காரணம், அவை பழைய கல்லறை ஒன்றிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தியவையாக இருக்கலாம். பெயர் ஒருத்தியுடையது, எலும்பு வேறொருத்தியுடையது. 1961இல் உரோமாபுரி அவள் திருநாளைத் திருச்சபையின் ஆண்டு அட்டவணையிலிருந்து நீக்கியது.

(இதை எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு பெயர், கொஞ்சம் எலும்பு, மூன்று ஓடு. மீதியை ஒருவர் அறைக்குள் இருந்து நிரப்பினார். என்னிடம் எலும்புகூட இல்லை. சுவர் வழியாகக் கேட்டதுதான் இருக்கிறது.)

5

பிலோமினம்மாள் திருநாளான ஆகஸ்டு பதினொன்றாம் தேதி ஒவ்வொரு வருடமும் அமுதம் அசனம் வைப்பாள். அசனம் என்றால் ஊருக்குச் சோறு. கோயில் முற்றத்தில் பெரிய அண்டாவில் பொங்கி, வருகிறவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் இலை போடுவது. அவள் ஊர் வழக்கம். காடு வெட்ட ராஞ்சியிலிருந்து வந்த கூலிக்காரர்கள், மலையாளிகள், பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி எல்லாரும் வருவார்கள். கறி கிடைக்காத வருடம் மீன். அசனத்தால் நேர்ச்சை ஊருக்கே தெரிந்திருந்தது. பிலோமினா மடத்துக்குப் போகிற பிள்ளை. கடைக்குப் போனால் கடைக்காரன் "ஆயியே சிஸ்டர்" என்பான். அவளும் "சிஸ்டருக்குத் தேங்காய் பாத்துக் குடு பையா" என்பாள்.

பிலோமிக்குப் பாட்டு வரும். திருநாவுக்கரசு வீட்டு ரேடியோவில் இலங்கை ஒலிபரப்பு கரகரவென்று கேட்கும் நேரத்தில் அவள் சுவரோரம் அரிசி பொறுக்குவாள். அரை மணிக்கு ஒரு உழக்குக்கூடப் பொறுக்கியிருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவளுடையது.

பாட்டுகளை எழுதியவர் லூர்துநாதன். ஆறு நாள் சாத்தம் தீவு மர ஆலையில் வேலை. ஏழாம் நாள் கோயிலில் தமிழர்களுக்கு உபதேசியார், சாமியாருக்கு உதவியாள். பூசை லத்தீனில் இருந்தவரை யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, யாருக்கும் மனக்குறையும் இல்லை. லத்தீன் போய் இந்தி வந்ததும் ராஞ்சிக்காரர்களுக்குக் கூடப் புரிகிறது என்று தமிழர்கள் முணுமுணுத்தார்கள். லூர்துநாதன் சினிமா மெட்டில் தமிழ் வரிகளை எழுதி அவர்களைச் சமாதானப்படுத்தினார். பங்குச் சாமியார் கோவாக்காரர், இந்திப் பட மெட்டு என்றால் கண்டுபிடித்துவிடுவார். எனவே தமிழ்ப் படம் மட்டும். மாதாவுக்கான பாட்டு கோயிலிலிருந்து வரும்போது மங்கையர்க்கரசி தன் வீட்டில் அதன் காதல் வரிகளைப் பாடிக்கொண்டே துணி துவைப்பார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாதது ஒன்று.

பிலோமிக்குப் பதினேழு வயதானபோது மதராஸ் மடத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளி முடியட்டும் என்று அமுதம் பதில் எழுதச் சொன்னாள். பள்ளி முடிந்தது. டைப்ரைட்டிங் படிக்கட்டும், மடத்துக்கும் உதவும் என்றாள். லோயர் முடிந்ததும் ஹையர் என்றாள். பிறகு பிலோமிக்கு ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பாதியில் விடக்கூடாது என்றாள். மங்கையர்க்கரசி ஒருநாள், பிள்ளையை அனுப்ப மனசு வருதாக்கா என்று கேட்டபோது, "நேர்ந்தாச்சுல்லா" என்று மட்டும் சொன்னாள்.

பிலோமியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. நேர்ந்துவிட்ட ஆட்டிடம்—

(இந்த உவமையை அடித்துவிட்டேன். ஆனால் அமுதத்துக்கு அது தோன்றியிருக்கும். அசனத்துக்கு ஆடு வரும் வருடங்களில் அவள் அதன் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று மங்கையர்க்கரசி சொன்னார்.)

6

1969 நவம்பர். ஜனவரியில் பிலோமிக்கு இருபது. டிசம்பர் முதல் வாரக் கப்பலுக்கு மிக்கேல் டிக்கெட் எடுத்துவிட்டார். தவணை சொல்ல அமுதத்திடம் இனி ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில் புதிய ஆண்டு அட்டவணையைப் பற்றிப் பேசினார். உரோமாபுரியில் பல புனிதர்களின் திருநாட்களை மாற்றியிருக்கிறார்கள், சிலவற்றை எடுத்திருக்கிறார்கள், யாரும் பதற வேண்டாம் என்று இந்தியில் சொன்னார். உதாரணமாக, எட்டு வருடம் முன்பே பிலோமினாவின் திருநாளை எடுத்தார்கள், வானம் இடிந்து விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

பாட்டுக் குழுவில் பிலோமி தலை நிமிர்ந்தாள். இந்திப் பள்ளியில் படித்தவள்.

வழக்கப்படி லூர்துநாதன் எழுந்து தமிழில் சொன்னார். பத்து நிமிடப் பிரசங்கம் அவரிடம் நான்கு நிமிடமாகும். யாரையாவது புண்படுத்தும் என்று தோன்றியதைத் தாண்டிவிடுவார். அன்றும் தாண்டியிருப்பார். ஆனால் பாட்டுக் குழுவில் ஆறு பேருக்கு இந்தி தெரியும். ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அமுதத்துக்கு முதலில் வந்தது பசி.

நற்கருணைக்காகக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எல்லா ஞாயிறும் அப்படித்தான். ஆனால் இந்தப் பசி வேறு. ஒரு பெரிய பண்டிகை வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு வருகிற பசி. நான்கு இட்லி, ஐந்து இட்லி சாப்பிடலாம் போலிருந்தது. அது என்ன பசி என்று புரிந்ததும் அவளுக்கு முகம் சுட்டது. பூசை முடிந்ததும் யாருக்கும் நிற்காமல் சரிவில் வேகமாக இறங்கினாள்.

லூர்துநாதன் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

"அமுதக்கா, ஒரு நிமிசம். எனக்கு அறுபத்தொண்ணுலயே தெரியும்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"சேதி ஜூலைக் கப்பல்ல வந்துது. நீங்க அசனத்துக்கு அரிசி வாங்கி வச்சிட்டீக. ஆடு வடக்கே ரங்கத்துல இருந்து போட்டுல வந்து எறங்கிட்டு. முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வருசமும் அந்த நெனப்பு ஜூலையிலதான் வந்துது. அப்பவும் ஆடு வந்துட்டு."

"எட்டு வருசமா?"

"ஒம்பது அசனம்க்கா. எல்லாத்துலயும் நான்தான் முதல் பந்தி."

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் முகத்தை மறைப்பதே அவளுக்குப் போதுமான வேலையாக இருந்தது.

7

வீட்டில் மிக்கேல் சிரித்தார். அன்றைக்கே சொன்னேன், ஊசி போட்ட டாக்டருக்கு நேர்ந்திருக்கலாம் என்றார். ஆனால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று அமுதம் கேட்டபோது அவர் சிரிப்பு நின்றது. நேர்ந்தது நீ, அதில் நான் கைவைக்க மாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.

மதியம் மங்கையர்க்கரசி வந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. ஆறுதலாக ஒன்று சொன்னார்.

"எங்க ஊர் ஐயனாருக்குக் கெடா வெட்டுவோம்க்கா. ஒரு வருஷம் பெரிய மனுஷங்க கூடி, இனிமே சாஸ்தான்னு கூப்பிடணும், சக்கரைப் பொங்கல்தான் வைக்கணும்னுட்டாங்க. ஐயனார் ஒண்ணும் கோவிச்சுக்கல. மழை பேஞ்சுது. எங்க மாமனாருக்குத்தான் சக்கரைப் பொங்கல் எறங்கல."

"உங்க ஐயனாரு இருந்தாருல்லா மங்க. பேருதான மாத்துனாவ. இவ இருந்தாளான்னே தெரியலங்காவ."

மங்கையர்க்கரசி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

அமுதத்தின் கணக்கு இப்படி ஓடியது. புனிதை இல்லையென்றால் நேர்ச்சையும் இல்லை, மகள் தன்னோடு இருப்பாள். ஆனால் புனிதை இல்லையென்றால் அன்று பிள்ளையைக் கொடுத்தது யார்? கொடுத்தவர் யாரோ ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் தெரியாமல் வேறு பெயருக்கு நேர்ந்துவிட்டோம். அவர் இத்தனை வருடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகளை வீட்டில் நிறுத்திக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

மூன்று நாள் அவள் பிலோமி குளிக்கப் போனால்கூட வாசலில் நின்றாள்.

8

இந்த இடத்தில் எனக்கு அமுதத்தின்மேல் சந்தேகம் வந்தது.

புனிதை பெயர் பட்டியலிலிருந்து போனதும் ஒரு பக்தைக்குப் பசி எடுக்குமா? கோயிலில் அழுதாள் என்று எழுதிப் பார்த்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. மங்கையர்க்கரசியிடம் வாசித்தும் காட்டினேன். "அவங்க அழல. அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து பழைய சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க," என்றார். அடித்துவிட்டேன்.

நம்பிக்கை வேறு, நிம்மதி வேறு என்று ஒரு பத்தி எழுதினேன். அதையும்—

(கதை எழுதுகிறவன் பத்தி எழுதத் தொடங்கினால் கதாபாத்திரம் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.)

9

நான்காம் நாள் அமுதம் சாமியாரைப் பார்க்கப் போனாள்.

அவளுடைய இந்தி சந்தை இந்தி. விலை கேட்க வரும், குறைக்கச் சொல்ல வரும். நேர்ச்சையைப் பேச வராது. லூர்துநாதனை அழைத்துப் போக அவள் தயாரில்லை, அவர் தாண்டிவிடுவார். எனவே பிலோமியைக் கூட்டிப் போனாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறையில் மங்கையர்க்கரசி இல்லை. நானும் இல்லை. பின்னால் அமுதம் அவரிடம் சொன்னது, பிலோமி சொன்னது, நான் ஊகித்தது மூன்றையும் அடுக்கியிருக்கிறேன். ஓடு ஏதும் இடம் மாறியிருக்கலாம்.

சாமியார் நாற்காலி காட்டினார். அமுதம் உட்காரவில்லை.

"சாமிகிட்ட கேளு," என்றாள் மகளிடம். "அந்தப் புனிதை இல்லன்னா நான் நேர்ந்தது நிக்குதா, விழுந்துட்டா?"

பிலோமி இந்தியில் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். சாமியார் தாயைப் பார்ப்பதை விட்டு மகளைப் பார்க்கத் தொடங்கினார். அமுதத்துக்கு இரண்டு சொல் பிடிபட்டது. மன்னத் என்றால் நேர்ச்சை. ராஞ்சிப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இன்னொன்று 'மேரா நஹீன்'. என்னுடையதல்ல.

"ஏட்டி, நான் சொன்னத மட்டும் சொல்லு."

"அதத்தாம்மா சொல்லுதேன்."

"நான் அவ்வளவு நீளமாச் சொல்லலியே."

"இந்தியில நீளமாத்தான் வரும்."

அமுதம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததை அவள் சொல்வதாக இல்லை. வந்துவிட்டது.

"இவள அனுப்ப எனக்கு மனசில்லன்னு சொல்லு. நேர்ந்த மறுநாளே மனசில்ல. பால் குடிச்சாளே, அப்பவே மனசில்ல. பதினெட்டு வருசமா சாமிய ஏமாத்திக்கிட்டு இருந்தேன்னு சொல்லு."

பிலோமி சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். என்ன சொன்னார்கள் என்று சாமியார் கேட்டார்.

"குச் நஹீன், ஃபாதர்," என்றாள் பிலோமி. ஒன்றுமில்லை.

அவள் அம்மாவின் பேச்சில் அந்த அறையில் மொழிபெயர்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

சாமியார் பேசத் தொடங்கினார். இந்த முறை பிலோமி வரிக்கு வரி தமிழில் சொன்னாள். ஒன்றையும் தாண்டவில்லை. திருநாளை எடுத்தது வேறு விஷயம். அதற்கும் உங்கள் நேர்ச்சைக்கும் சம்பந்தமில்லை. நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும். அது திருச்சபைச் சட்டம். அசனம் வைப்பேன் என்றால் நீங்கள் வைக்க வேண்டும். நடந்து வருவேன் என்றால் நீங்கள் நடக்க வேண்டும். இன்னொருவரை மடத்துக்குக் கொடுப்பதாக யாராலும் நேர முடியாது, பெற்ற தாயாலும். கொடுக்க அது உங்களுடையதில்லை. பிலோமினம்மாளே கப்பலில் வந்து எதிரே நின்றிருந்தாலும் அப்படித்தான்.

அமுதம் இதை இரண்டுமுறை சொல்லச் சொன்னாள்.

"அப்பவே செல்லாதா?"

"அப்பவே செல்லாதாம்மா."

"கப்பல்லயே?"

"கப்பல்லயே."

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். சிரித்தாள் என்று பிலோமி சொன்னாளாம். இருமினேன் என்று அமுதம் சொன்னாளாம். யார் கொடுத்தார், அவருக்கு என்ன பெயர் என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஆனால் அந்த யாரோ ஒருவர் தன்னிடம் மகளைக் கேட்டதே இல்லை என்பது தெரிந்துவிட்டது. கேட்டது அவளேதான், தன்னிடமே.

வாசல்வரை வந்தபின் திரும்பிப் போய், அசனம் அடுத்த வருடமும் உண்டு என்று தன் சந்தை இந்தியில் சாமியாருக்குத் தானே சொன்னாள். சாப்பிட வர வேண்டும் என்பதற்கு இந்தி தெரியாமல் கையால் காட்டினாள்.

* லூர்துநாதன் 1961இலேயே சொல்லியிருந்தால்? ஒன்றும் மாறியிருக்காது என்று சட்டம் சொல்கிறது. அமுதம் எட்டு வருடம் முன்பே சாமியாரிடம் போயிருப்பாள் என்று மங்கையர்க்கரசி சொல்கிறார். எனக்கு லூர்துநாதனைத் திட்ட வாய் வரவில்லை. வலிக்கிற இடத்தைத் தாண்டுவது என் தொழிலிலும் உண்டு.

10

முடிவுகள்.

ஒன்று: மிக்கேல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். பிலோமியின் தற்காலிக வேலை நிரந்தரமாகிறது. கோயிலில் சினிமா மெட்டில் பாடிக்கொண்டு, பத்துபஸ்தியிலோ எங்கோ ஒரு வீட்டுக்கு வாழப் போகிறாள். மடம் இல்லாவிட்டாலும் மகள் வீட்டைவிட்டுப் போகத்தான் செய்வாள் என்று அமுதத்துக்கு அப்போது உறைக்கிறது.

இரண்டு: யாரும் தன்னைக் கட்டவில்லை என்று தெரிந்தபிறகு பிலோமி தானே மடத்துக்குப் போகிறாள். இது சிலருக்குப் பிடிக்கும். எனக்கும் ஒருநாள் பிடித்திருந்தது.

மூன்று: கப்பலில் போகிறாள், மதராசில் இறங்குகிறாள், மடத்துக்குப் போகவில்லை. அங்கே—

(வேண்டாம். இது சினிமா.)

எது நடந்தது என்று மங்கையர்க்கரசி எனக்குச் சொன்னார். எழுதவும் செய்தேன். வாசித்துப் பார்த்தபோது, அந்தப் பெண்ணின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் இரண்டாவது முறையாக ஒருவர் முடித்துவைப்பது போலிருந்தது. முதலாமவளுக்காவது மடியில் சாகக் கிடந்த குழந்தை என்ற நியாயம் இருந்தது. எனக்கு இருந்தது கடைசிப் பக்கம். அதைக் கிழித்துவிட்டேன். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அவள்மேல் மட்டும் சுமத்தாதீர்கள்.

அந்தப் பிற்பகலோடு நான் நின்றுகொள்கிறேன்.

தாயும் மகளும் அபர்தீன் கடைத்தெருவுக்கு இறங்கி வந்தார்கள். கப்பலுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. கடைத்தெரு முனையில் அமுதம் நின்றாள். இத்தனை வருடத்தில் பிலோமியிடம் அவள் கேட்காத ஒன்று இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்காதது. இப்போது எந்தப் பதில் வந்தாலும் வரட்டும் என்றிருந்தது.

"ஏட்டி, உனக்கு என்ன வேணும்?"

பிலோமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேள்வி எதைப் பற்றியது என்று அவளுக்குத் தெரிந்தது.

"திடீர்னு கேட்டா?" என்றாள். "யோசிக்கணும்லா. முதல்ல ஒரு டீ வாங்கித் தாங்கம்மா."

அமுதம் அதுவரை கடைத்தெருவில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. ஒரு மலையாளி கடை. பெஞ்சில் இரண்டு ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கண்ணாடி டம்ளரில் ஆவி பறக்க டீ வந்தது. பிலோமி ஊதினாள், ஒரு வாய் குடித்தாள், மறுபடி ஊதினாள். யோசிக்கிறாளா, சூடு ஆறக் காத்திருக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அமுதத்துக்கு அவசரம் இல்லை. தன் டம்ளரையும் பக்கத்தில் வைத்து ஆறவிட்டாள்.